நொறுக்குப் பெட்டி

மூன்றாம் கிணற்றில் இந்த மாதமும் ஒன்றும் இல்லை. சோதனைக்கூடத்திலிருந்து வந்த தாளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, கணக்குக்காரி அதை மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம் படித்தாள். கண்டறிய முடியவில்லை, கண்டறிய முடியவில்லை என்று பன்னிரண்டு வரி. வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்துபோய் அலுவலகம் முழுக்க டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். இவள் கவலைப்பட்டாள். ஏனென்றால் இவள் போட்ட கணக்குப்படி அந்தக் கிணற்றுக்கு விஷம் வந்து சேர்ந்து பதினான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். விருந்தாளி வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்களை ஊரெல்லாம் பார்க்கலாம். திருடன் வரவில்லையே என்று கவலைப்பட்டவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கதை இதுதான். மேட்டின்மேல் ஒரு பழைய தொழிற்சாலை. குழாயும் திருகும் செய்த இடம். செய்த சாமானின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ஒரு திரவம் வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் அதைப் பின்பக்கத்துக் குழியில் கொட்டினார்கள். இருபது வருடம் கொட்டினார்கள். பிறகு தொழிற்சாலையை மூடி, குழி மண்ணையும் தோண்டி எடுத்துப் போனார்கள். ஆனால் கீழே இறங்கியது இறங்கியதுதான். கீழே பாறை. பாறையில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள். அந்த வெடிப்புகளின் வழியே நிலத்தடித் தண்ணீர் பள்ளத்துத் தெருவை நோக்கிப் பொறுமையாக நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தெருவில் நாற்பத்து மூன்று வீடுகள், வீட்டுக்கு வீடு கிணறு. பாதி வழியில் தோண்டிய சோதனைக் கிணறுதான் மூன்றாம் கிணறு. விஷம் தெருவுக்கு எப்போது வந்து சேரும் என்று சொல்வது இவள் வேலை. அதற்காகக் கணினிக்குள் ஒரு பாறையைக் கட்டி, வெடிப்புகளை வரைந்து, தண்ணீரை ஓடவிட்டு, உட்கார்ந்து பார்ப்பாள். பாறை பார்க்கத்தான் இறுக்கம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றில் அசையாத தண்ணீர் நிற்கிறது. வெடிப்பில் ஓடும் தண்ணீரிலுள்ள விஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் அந்த அசையாத தண்ணீருக்குள் பரவும். கல் எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு தாமதம். கல் கையை விரித்துவிட்டால் நேரே கிணறுதான்.

கல் கையை விரித்துவிட்டது என்றுதான் இவள் கணக்கு சொன்னது. ஆறு வருடம். அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. இன்னும் பத்து நாளில் கூட்டம். தெருவைக் காலி செய்வதா இல்லையா என்று அதிகாரி அங்கே முடிவு சொல்வார். ஆறு வருடம் என்றால் காலிதான். அதில் பேச்சுக்கே இடமில்லை.

பள்ளத்துத் தெருவின் கடைசி வீடு இவளுடைய சொந்த அக்காவின் வீடு. பின்கட்டில் அக்காவும் அத்தானுமாக ஐஸ் கட்டி போடுகிறார்கள். சொந்தக் கிணறு, நான்கு இயந்திரங்கள், ஒரு வண்டி. மீன் கடைகளும் ஜூஸ் கடைகளும் வாடிக்கை. அறிக்கையின் செய்தி வெளியே கசிந்த வாரமே ஜூஸ் கடைகள் நின்றுவிட்டன. அடுத்த வாரம் மீன் கடைகளில் பாதி. தண்ணீர் இன்றைக்குச் சுத்தம்தான் என்று தாளைக் காட்டினாலும் யார் கேட்கிறார்கள்? அக்கா போனில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"என் ஐஸ்ல விஷம் இருக்குன்னு எழுதிட்ட."

"அப்படி எழுதலக்கா. ஆறு வருஷத்துல வரும்னு எழுதினேன்."

"ஜூஸ் குடிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்டி."

அதோடு நான்கு மாதமாகப் பேச்சு இல்லை. வேலையை ஏற்றுக்கொண்ட முதல் நாளே தன் அக்கா அந்தத் தெருவில் இருப்பதை மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். அவரும் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டார். அதற்குமேல் இவள் வேறொன்றும் செய்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. கணக்கில் எங்கெல்லாம் இரண்டு எண்களில் ஒன்றை எடுக்கலாம் என்று வந்ததோ, அங்கெல்லாம் கெட்டதையே எடுத்தாள். அக்காவுக்காக வளைந்தாள் என்று ஒரு நாக்கு பேசிவிடக் கூடாது. இதற்கு நேர்மை என்று மனதுக்குள் பெயரும் வைத்திருந்தாள். மூன்றாம் கிணற்றில் விஷம் வரவில்லை என்று மாதாமாதம் தாள் வந்தபோது, கிணறு வெடிப்பைத் தொடாமல் தள்ளி விழுந்திருக்கும் என்று மேனேஜர் சொன்ன சமாதானத்தை இவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கூட்டத்தில் காட்டுவதற்குப் படம் வேண்டும் என்பதால் அன்று மத்தியானம் கல் கிடங்குக்குப் போனாள். துளையிடும்போது வெளியே வருகிற நீளக் கல் உருளைகளை மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, எத்தனை மீட்டர் ஆழம் என்று எழுதி வைக்கிற இடம் அது. தகரக் கூரை, ஈரச் சிமெண்ட் வாசனை, முந்நூறு பெட்டிகள். கிடங்குக்காரர் வாய் ஓயாத மனுஷர். கல்லோடு பேசிப் பேசி, பதில் பேசாதவர்கள்தான் நல்ல கூட்டாளிகள் என்ற முடிவுக்கு வந்தவர். இவள் வந்த காரணத்தைச் சொன்னதும் தாமே பெட்டிகளைத் திறந்து காட்டினார்.

"சோதனைக்கு அனுப்பினது எல்லாம் இந்த வரிசையிலதான் எடுத்தேம்மா. பாருங்க, ஒரு கீறல் இருக்கா? பொறுக்கிப் பொறுக்கி அனுப்பினேன்."

உண்மையிலேயே அழகான கற்கள். மழமழவென்று, ஒரே நிறத்தில், ஒரு சாண் நீளத்துக்கு. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது போல் அவர் அவற்றைத் தடவிக் கொடுத்தார். இவள் படம் எடுத்தாள். எடுத்துக்கொண்டே, எதையோ கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டாள்.

"பொறுக்கினது போக மிச்சம்?"

"அது நொறுக்குப் பெட்டியில கிடக்கும்."

கிடங்கின் கோடியில், சுவரோரமாக, ஐந்து பெட்டிகள். உள்ளே முழு உருளை ஒன்றுகூட இல்லை. துண்டும் துணுக்கும்தான், பழுப்பேறி, விளிம்பு உதிர்ந்து, கையில் எடுத்தால் மாவாக ஒட்டுகிற கற்கள். ஆனால் கிடங்குக்காரர் கிடங்குக்காரர்தான்: ஒவ்வொரு துண்டின் மேலும் ஆழத்தைப் பேனாவால் எழுதியிருந்தார். இவள் ஒன்றைக் கையில் எடுத்து எண்ணைப் பார்த்தாள். முப்பத்தொன்று புள்ளி நான்கு. இன்னொன்று. நாற்பத்தாறு புள்ளி இரண்டு. இன்னொன்று. இந்த எண்கள் இவளுக்கு மனப்பாடம். தன் கணினிப் பாறையில் எந்தெந்த ஆழத்தில் வெடிப்பு வரைந்திருந்தாளோ அதே எண்கள். வெடிப்பின் இருபுறமும் நான்கு விரல் அகலத்துக்கு, ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீர் பட்டுப் பட்டு இளகிப்போன கல் இது. விஷம் முதலில் தொடப்போகிற கல்; துளைகள் கூடி, அதிகம் குடிக்கிற கல். ஒரே ஒரு துண்டுகூடச் சோதனைக்குப் போகவில்லை.

"இதை ஏங்க அனுப்பல?" என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நல்லா கேட்டீங்க. வீட்டுக்கு வந்தவங்களுக்கு உடைஞ்ச தட்டுலயா சாப்பாடு போடுவோம்? முதல் தடவை கலந்துதான் அனுப்பினேன். உங்க லேப் சார் கடுதாசி போட்டாரு, உதிர்ற கல்லு மெஷின்ல நிக்காது, முழுசா அனுப்புங்கன்னு. அதுலேர்ந்து நல்லதா பாத்துதான் அனுப்புறது."

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த ஒரு சோற்றை எடுத்தது யார், பானையின் எந்த மூலையிலிருந்து எடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. இவளும் கேட்கவில்லை. கிடங்குக்காரருக்குத் தன் கற்களின் மேல் பெருமை, லேப்காரருக்குத் தன் இயந்திரத்தின் மேல் அக்கறை. இரண்டையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்லின் நுண்துளை எண் லேபிலிருந்து மேசைக்கு வந்தபோது இவள் ஏன் ஒரு கேள்வி கேட்கவில்லை? இவ்வளவு இறுக்கமான கல்லா என்று புருவத்தைக்கூட உயர்த்தவில்லையே? கெட்ட எண்ணாக இருந்தது, அதனால்தான். கெட்ட எண் என்றால் யாரும் இவளைச் சந்தேகப்பட மாட்டார்கள். நாற்பத்து மூன்று வீட்டைவிட இவளுக்கு இவள் பெயர் பெரிதாக இருந்திருக்கிறது. உதிர்ந்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, தகரக் கூரைக்குக் கீழே நின்று, கணக்குக்காரி வெட்கப்பட்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பி, வெடிப்பின் இருபுறமும் நான்கு விரல் அகலத்துக்கு இளகிய கல்லை வைத்து, அதன் நுண்துளைக்கு ஒரு உத்தேச எண்ணைப் போட்டுக் கணக்கை ஓட்டினாள். ஆறு வருடம் நாற்பத்தொன்றாகியது. மூன்றாம் கிணற்றுக்கு இன்னும் பல வருடம் விஷம் வராது என்றது. தாளில் இருப்பதும் அதேதான். எழுந்து ஜன்னல்வரை நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி ஓட்டினாள். நாற்பத்தொன்றுதான். சந்தோஷம் வந்தது. கூடவே பயமும் வந்தது. பசித்தவள் கண்ணுக்கு எல்லாமே சாப்பாடாகத்தான் தெரியும். இந்த எண் இப்படித்தான் வர வேண்டும் என்று நான்கு மாதமாக ஏங்கியவள் இவள். உத்தேச எண்ணைப் போட்டதும் இவள் கைதான். அந்தக் கையை இவளே நம்பவில்லை.

மேனேஜர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சும்மா கெடக்கிற சங்கை எதுக்கும்மா ஊதுற? ஆறுன்னு எழுதி, அவங்க காலி பண்ணி, அப்புறம் விஷம் வரலைன்னா யாரும் நம்மளக் கேக்கப்போறதில்ல. நாற்பதுன்னு எழுதி நாளைக்கே வந்துச்சுன்னா? அதுவும் உன் அக்கா வீடு."

"தெரியும் சார். அதனாலதான் நாற்பதுன்னும் எழுதல. ஆறு தப்புன்னு மட்டும் சொல்லப்போறேன்."

"ரெண்டுக்கும் நடுவுல எங்க நிப்ப?"

"தெரியாதுங்கிற இடத்துல."

லேப்காரருக்கு அலுவலகம் வைத்த பெயர் சந்தேகம். காலையில் வணக்கம் சொன்னால்கூட எதற்கு என்று யோசிக்கிற ஆள். தமக்குக் கல் அனுப்பியதில் கோளாறு என்றதும் முதலில் சண்டைக்கு வந்தார். பழைய கடிதத்தின் நகலைத் தேடி எடுத்தார், தாம் எழுதியதைத் தாமே இரண்டு முறை படித்தார். கடைசியில், "எழுதினது நான்தான்" என்றார். "எத்தனை துண்டு வேணும்?"

"எத்தனைன்னு நான் சொல்லக் கூடாது சார். எதுன்னும் சொல்லக் கூடாது. கிடங்குல நம்பர் எழுதி, சீட்டு குலுக்கி எடுங்க. அளக்கிறது, எழுதுறது எல்லாம் நீங்களே. முடியற வரைக்கும் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

சந்தேகம் இவளை முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "உங்க மேலயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"இந்த விஷயத்துல இல்ல."

"அப்போ நாம ரெண்டு பேரும் சேர்ந்து வேலை செய்யலாம்" என்றார். மெல்லிய கல் வில்லையின் ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், மறுபக்கம் வெறும் தண்ணீர் வைத்து, உப்பு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று அளப்பதுதான் அவர் முறை. உதிர்கிற கல்லுக்குத் தனியாக ஒரு பிடிமானம் செய்ய வேண்டும். கல்லுக்கு அவசரம் தெரியாது. பத்து வாரம் ஆகும் என்றார். பத்து நாள்தான் இருந்தது.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. பிள்ளைகளுக்குச் செய்த நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மூன்றாவது வரிசையில், அத்தானுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. இவள் எழுந்தாள். படம் எதையும் போடவில்லை. "நான் எழுதின ஆறு வருஷம் தப்பு" என்று தொடங்கினாள். சோதனைக்குப் போன கல் எது, போகாத கல் எது, தான் கேட்காமல் விட்டது எங்கே என்று வரிசையாகச் சொன்னாள். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வீட்டை விற்க முன்பணம் வாங்கிவிட்டவர் ஒருவர், மகளின் பள்ளியை மாற்றிவிட்டவர் ஒருத்தி. அப்படியென்றால் எத்தனை வருடம் என்று அதிகாரி கேட்டார். தெரியாது, கூடலாம், எவ்வளவு என்று அளந்தால்தான் சொல்ல முடியும், பத்து வாரம் கொடுங்கள் என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அக்கா வீடு அந்தத் தெருவுல இருக்கில்ல, அதான் கணக்கு மாறுது!"

இவளுக்கு முகம் சிவந்தது. இதற்குப் பயந்துதானே இத்தனையும். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா எழுந்து, திரும்பி, பின்வரிசையைப் பார்த்தாள்.

"யாருங்க அது? எனக்காகவா? இவளா? சின்ன வயசுல கேரம் ஆடுறப்போ ஒரே ஒரு காய்கூட எனக்கு விட்டுக்கொடுத்தவ இல்லீங்க இவ. எனக்கு நூத்தி நாலு டிகிரி காய்ச்சல், அன்னைக்கும் ஜெயிச்சுட்டுத்தான் எழுந்தா. எனக்காகக் கணக்க மாத்துவாளாம்!"

அரங்கு சிரித்தது. அதிகாரிகூடச் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தார். அக்கா சிரிக்கவில்லை. உட்கார்ந்தபோது தங்கையை நேராகப் பார்த்தாள். கோபம் தீர்ந்த பார்வை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் நான்கு மாதத்துக்குப் பிறகு அது ஒரு பார்வை. பன்னிரண்டு வாரம் தள்ளிவைப்பதாகவும், முடிவு தெரிகிற அன்று தெருவிலிருந்து மூன்று பேர் லேபில் நேரில் இருக்க வேண்டும் என்றும் அதிகாரி எழுதினார்.

பதினோராவது வாரம் ஒரு காலை, தெருக்காரர்கள் மூவரும் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி அக்கா. சந்தேகம் தம் எண்களை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மேனேஜர் மேசையில் வைத்துவிட்டிருந்தார். அளந்து முடிந்ததால் கணக்குக்காரியும் அன்று லேபுக்குள் வந்திருந்தாள். "எண்ணை மேனேஜர் படிப்பாரு. எண்ணு உங்களுக்குப் புரியாம இருக்கலாம். அதனால இதைத் தனியா பண்ணினேன்" என்று ஒரு தட்டைக் காட்டினார். கண்ணாடி ஜாடிகளில் கருஞ்சிவப்புச் சாயத் தண்ணீர். அதற்குள் பத்து வாரமாக ஊறிய கற்கள். முதலில் ஒரு மழமழக் கல்லை எடுத்துத் துடைத்து, சுத்தியலால் இரண்டாகப் பிளந்தார். உள்ளே வெள்ளை. ஓரத்தில் மட்டும் நகக்கண் அகலத்துக்குச் சிவப்பு. இதுதான் முன்பு சோதனைக்கு வந்த கல் என்றார். பிறகு ஒரு நொறுக்குக் கல்லை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "இதுக்குச் சுத்தியல் வேண்டாம். நீங்களே உடைங்க."

அக்கா இரண்டு கையாலும் பிடித்து வளைத்தாள். கல் பிஸ்கட் போல உடைந்தது. உள்ளே, ஓரத்திலிருந்து நடுவரை, ஒரே சிவப்பு.

ஒரு கல்லைப் பார்த்து ஒப்புக்கொள்கிற ஆளா சந்தேகம்? அடுத்ததை உடைத்தார். சிவப்பு. அடுத்தது. சிவப்பு. ஐந்தாவது கல்லில் பாதியோடு நின்றிருந்தது, அதையும் குறித்துக்கொண்டார். ஆறு, ஏழு, எட்டு. வெள்ளைத் தட்டில் சிவந்த கற்கள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன.

"இது நல்லதா, கெட்டதா?" என்று அக்கா கேட்டாள். கேட்டது தங்கையிடம்.

"நல்லதுக்கா. வர்ற வழியெல்லாம் கல்லு குடிச்சுக்கிட்டே இருக்கும். கிணத்துக்கு வந்து சேர ரொம்ப வருஷம் ஆகும். எத்தனைன்னு அந்த உறையில இருக்கிற எண்ணைப் போட்டு ஓட்டினாத்தான் தெரியும்."

"குடிச்சது உள்ளேயே இருந்துடுமா?"

பொய் சொல்லியிருக்கலாம்; சொல்லத் தோன்றவும் செய்தது. "இல்ல. மெதுவா திரும்ப விடும். கொஞ்சம் கொஞ்சமா, நம்ம காலத்துக்கு அப்புறமும். அளவு கம்மியாத்தான் இருக்கும். ஆனா யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும்."

"பாக்குறதுக்குத்தானே நீ இருக்க."

அதை ஒரு வேலையாளிடம் சொல்வது போல்தான் அக்கா சொன்னாள். பிறகு தன் கையிலிருந்த இரண்டு பாதிகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மற்றதைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மேலே மடக்கி அழுத்தினாள். கல் இன்னும் ஈரமாக, சில்லென்று இருந்தது. இருவர் விரல் இடுக்குகளிலும் சாயத் தண்ணீர் வழிந்து, மணிக்கட்டுவரை இறங்கி, வெள்ளைத் தரையில் சொட்டியது. "கறை போகாதும்மா, கறை போகாது" என்று சந்தேகம் துணியைத் தேடி ஓடினார். இரண்டு பேரும் கையை விரிக்கவில்லை.